ஸ்பீக்கரில் வராத சவரிராஜ் அண்ணன்

திரையில் சவரிராஜ் அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். வாய் திறந்து மூடியது. புருவம் ஏறி இறங்கியது. வலது கை வழக்கம்போல் காற்றில் எதையோ நறுக்கிக்கொண்டிருந்தது. பின்னணியில் நான் சேர்த்திருந்த வயலின் இசை மண்டபம் முழுக்க நன்றாகவே கேட்டது. அண்ணனின் குரல் மட்டும் வரவில்லை.

எங்கள் ஊர் உப்பளம் பகுதியில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். காலையில் மாதா கோயிலில் திருமணம் முடிந்திருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு வரவேற்பு. அப்போதுதான் விரித்த மேஜை விரிப்புகளின் பிளாஸ்டிக் வாடையும், பின்பக்கமிருந்து வந்த வெங்காயம் வதங்கும் வாசனையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன.

முன்வரிசையில் நிஜமான சவரிராஜ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் துணி. சில மாதங்களுக்கு முன் தொண்டையில் புற்று என்று சொல்லி, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தார், குரல் போய்விட்டது. ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னால், மகள் கல்யாணத்துக்கென்று அவர் பேசியதை நான்தான் படம்பிடித்து வைத்திருந்தேன். உலகத்தில் அந்தக் குரல் ஒழுங்காக மிச்சமிருந்தது அந்த ஒரு பதிவில்தான்.

"ஏழுமலை, சவுண்ட ஏத்துப்பா" என்றேன்.

மைக் செட் ஏழுமலை ஏற்றினான். வயலின் காதைக் கிழித்தது. அண்ணன் திரையில் ஊமையாகப் பேசிக்கொண்டே இருந்தார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கிளாஸைத் தொடக் கூடாது

எதற்கு இத்தனை பதற்றம் என்று கேட்பீர்கள். அந்த வீட்டு வழக்கத்தைச் சொன்னால்தான் புரியும்.

எங்கள் ஊரில் சில குடும்பங்களில் வரவேற்பின்போது 'வேன் தொனேர்' என்று ஒன்று உண்டு. வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கிளாஸ் வைன். பிள்ளைகளுக்கு திராட்சை ஜூஸ். பிரெஞ்சுக்காரன் போகும்போது விட்டுப்போன மரியாதை அது. சவரிராஜ் அண்ணன் வீட்டில் அதற்கு மேல் ஒரு சட்டமும் உண்டு. பெண்ணின் அப்பா எழுந்து நாலு வார்த்தை பேசி, கிளாஸைத் தூக்கி, எல்லாருக்கும் நலம் வாழ்த்தி "சாந்தே" சொல்லும்வரை யாரும் கிளாஸைத் தொடக் கூடாது.

அண்ணனின் தங்கை கல்யாணத்தில் அவருடைய அப்பா முக்கால் மணி நேரம் பேசினாராம். கிளாஸ்களில் ஈ விழுந்ததாம். ஒரு மனிதர் கை வைக்கவில்லையாம். இதை அண்ணனே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அதனால்தான் ஆபரேஷன் என்று முடிவானதும் மகள் ஜோஸ்பின் என் கடைக்கு ஓடி வந்தாள். "அக்கா, அப்பாவ இப்பவே பேசவெச்சு எடுத்துருங்க. என் கல்யாணம் எப்ப வேணா நடக்கட்டும்" என்றாள். அப்போது மாப்பிள்ளைகூட முடிவாகவில்லை.

மண்டபத்தில் என் பக்கத்தில் வந்து நின்றவர் அண்ணனின் அண்ணன், பிரான்சிலிருந்து வந்திருந்த மரியநாதன். நல்ல மனிதர். முன்வரிசைக்குப் போய்த் தம்பியின் தோளில் கை வைத்து, "பா க்ராவ் தம்பி, ஒண்ணும் ஆயிடல. நான் ரெண்டு வார்த்த பேசிடறேன். உனக்குப் பதிலாத்தானே?" என்றார்.

சவரிராஜ் அண்ணன் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். எழுதினார். தாளைக் கிழித்து ஜோஸ்பின் கையில் கொடுத்துவிட்டு, வண்டிகள் நிற்கும் வாசல் பக்கம் போய்விட்டார்.

ஜோஸ்பின் தாளை என்னிடம் காட்டினாள். "யாரும் பேச வேண்டாம். எல்லாரும் குடிக்கட்டும்."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. கோபம் யார்மேல் என்று தெரியாததால் ஏழுமலை மேல் பாய்ந்தேன்.

"உன் செட்டுல ஏதோ கோளாறு."

"இன்னாக்கா பேசறீங்க? வயலின் வருது இல்ல? என் செட்டு வயலின உட்டுட்டு மனுசன் குரல மட்டும் புடிச்சி வெச்சிக்குமா? உங்க ஃபைல்லதான் குரலே இல்ல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் இருவரில் ஆடத் தெரியாதவர் யார் என்பதுதான் கேள்வி.

பருப்புப் பொடியும் கருப்புத் திரையும்

போன வாரம் இந்தப் பத்தியில், நனைந்த கேசட்டை அரிசி டப்பாவில் புதைத்து வைத்த என் புத்திசாலித்தனத்தை எழுதியிருந்தேன். ஒரு வாசகி, "இப்படி உங்க தப்பையெல்லாம் நீங்களே எழுதினா யார் உங்க கடைக்கு வருவாங்க?" என்று கேட்டிருக்கிறார். வருகிறார்கள் அம்மா. தப்பே செய்யாத கடை எங்கள் சாரம் பகுதியில் இன்னும் திறக்கவில்லை.

என் கடை மாடியில் ஒரே அறை. பழைய கேசட்டை மாற்றித் தருவது, ஓடாத வீடியோவை ஓடவைப்பது, கல்யாணப் படங்களை வெட்டி ஒட்டுவது, இவ்வளவுதான் தொழில். தொடங்கிய காலத்தில் என்னிடம் இருந்தது அடுத்தவர் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர். பெரிய எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தால் அது தியானத்தில் உட்கார்ந்துவிடும். நான் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தாலும் கண் திறக்காது.

அப்போது கிடைத்ததுதான் எஃப்எஃப்எம்பெக். படமும் பொத்தானும் இல்லாத மென்பொருள். கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் சொன்ன வேலையைச் செய்யும். முகம் தெரியாத யாரோ ஒருவர் இணையத்தில் யாருக்கோ எழுதிய பதிலிலிருந்து முதல் வரியைக் கற்றுக்கொண்டேன். மைனஸ் ஐ போட்டுக் கோப்பின் பெயரைத் தட்டினால் உள்ளே போகும். கடைசியில் ஒரு பெயர் தட்டினால் அந்தப் பெயரில் வெளியே வரும். அவசரத்துக்குக் கையில் கிடைத்தது சமையல் குறிப்பு நோட்டு. அதனால் இன்றைக்கும் என் முதல் கட்டளை பருப்புப் பொடிக்கும் எலுமிச்சை ஊறுகாய்க்கும் நடுவில்தான் இருக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெளிநாட்டில் ஒரு சொந்தக்காரராவது இருப்பார். இங்கே எடுத்த வீடியோ அங்கே டிவியில் ஓடாது. உடனே பெரிய பஞ்சாயத்து. பாதிக்கு மேல் விஷயம் சின்னது. சாதம் நன்றாகத்தான் இருக்கும், டப்பாதான் அந்த ஊர் டிவிக்குத் திறக்கத் தெரியாது. படத்தையும் ஒலியையும் தொடாமல் அப்படியே வேறு டப்பாவுக்கு மாற்றச் சொல்லி ஒரு வரி தட்டினால் போதும், பத்து விநாடியில் முடிந்துவிடும்.

அப்படி மாற்றிக் கொடுத்தபோது ரெட்டியார்பாளையத்துப் பெரியவர் ஒருவருக்கு மனசே ஆறவில்லை. "அவ்ளோதானா? ரெண்டு கடை ஏறி எறங்கிட்டு வந்தேன்மா. நான் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன், அதுவரைக்கும் நல்லா ஓடட்டும்" என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். டீ குடித்துவிட்டு வந்து, "இப்ப சரியா இருக்கும்" என்று திருப்தியாக வாங்கிப்போனார்.

இன்னொரு வீட்டில் தாலி கட்டுவதற்கு முன்பே கெட்டிமேளம் கொட்டிவிட்டது. கல்யாணத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, வீடியோவில்தான் ஒலி ஒரு நொடிக்கும் குறைவாக முந்திக்கொண்டு ஓடியது. மாப்பிள்ளையின் அத்தை அதை அபசகுனம் என்று சொல்லி, ஒரு பரிகாரத்துக்கு நாளும் பார்த்துவிட்டார். கட்டளையில் ஓர் எண்ணைச் சேர்த்து ஒலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன். தாலி ஏறியது, பிறகு மேளம் கொட்டியது. அத்தைக்கு என் கடைமேல் பக்தியே வந்துவிட்டது.

இத்தனையையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அது இறங்கிக்கொண்டிருந்தது.

நான்கு நிமிடம்

படம் பிடித்தது ரெட்டியார்பாளையத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில். அண்ணன் ஆலையில் தறி ஓட்டியவர். இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவர் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் தலையாட்டுவார்கள். அப்படிப்பட்டவருக்கு அன்றைக்கே குரல் கம்மிப்போய் இருந்தது.

கேமராவில் இருந்த மைக் அந்தக் கம்மிய குரலைச் சரியாகப் பிடிக்கவில்லை. ஏழுமலையிடம் நல்ல மைக் ஒன்று இரவல் கேட்டேன். அவன் பக்கத்துக் கிராமத்துக்காரன். காலையில் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, மதியத்துக்கு மேல் டவுனில் மைக் செட் கட்டுவான். மைக்கோடு, என் கேமராவில் செருகுகிற மாதிரி முனை வைத்து, தானே பற்றவைத்த ஒயரையும் கொண்டுவந்து கொடுத்தான். "கரெக்டா உக்காரும்க்கா" என்றான். கரெக்டாகத்தான் உட்கார்ந்தது.

இயர்போனை மாட்டிக் கேட்டேன். குரல் சுத்தமாக வந்தது. ஒன்று மட்டும் நெருடியது. அண்ணன் எனக்கு எதிரே உட்கார்ந்து பேசினார், குரலோ பிடரிக்குப் பின்னாலிருந்து வருவது மாதிரி இருந்தது. கூடம் காலியாக இருக்கிறது, எதிரொலிக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கூடம் கோணல் என்று சொன்னவள் யார் என்று இப்போது தெரிகிறதா?

அண்ணன் எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசினார். கடைசியில் வெறும் கையையே கிளாஸ் மாதிரி தூக்கி "சாந்தே" என்றார். எடுத்ததில் நான்கு நிமிடத்தை வெட்டி, வயலின் சேர்த்து, ஜோஸ்பினுக்கு அனுப்பினேன். "சூப்பர்க்கா" என்று பதில் வந்தது.

இடது காது, வலது காது

மண்டபத்தில் மேடை ஓரமாக லேப்டாப்பைத் திறந்து தரையில் உட்கார்ந்தேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் நன்றாகப் பதறினேன்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று மென்பொருளைக் கேட்டேன். படம் ஒன்று, ஒலி ஒன்று, அதில் இடம் வலம் என இரண்டு தடம், எல்லாம் சரி என்றது. ஒலி அளவு எவ்வளவு என்று கேட்டேன். வேண்டிய அளவு இருக்கிறது என்றது. வேறு வடிவத்துக்கு மாற்றி ஏழுமலையிடம் கொடுத்தேன். மறுபடியும் வயலின்தான் வந்தது.

"ஜோஸ்பின், நீ வீட்ல கேட்டப்ப குரல் வந்துதா?"

"நல்லா வந்துதுக்கா. பத்துத் தடவ கேட்டிருப்பேன்."

"எதுல கேட்ட?"

"இயர்போன்ல."

"ஃபோன்ல சத்தமா போட்டுக் கேக்கலியா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். லூர்து அண்ணி பட்டுப் புடவையில், கையில் குங்குமச் சிமிழ் மாதிரி எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெபமாலை டப்பா.

"வீட்ல எப்பிடிக்கா போடறது? அப்பா இருக்காரு. அவரு குரல அவரு முன்னாடியே போட்டா அவருக்கு எப்பிடி இருக்கும்? நான் பஸ்ல போறப்ப கேப்பேன்."

லூர்து அண்ணி மெதுவாகச் சொன்னார். "நானும் அப்பிடித்தான் தனம். காலையில ஜெபம் சொல்றப்ப காதுல மாட்டிக்குவேன். ஜெபம் கேக்கறேன்னு அவரு நெனச்சிக்குவாரு."

நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? கடையிலும் இயர்போன்தான். ஆக, அந்தக் குரலை இத்தனை மாதத்தில் காற்றில் விட்டு ஒருவர்கூடக் கேட்கவில்லை. மனிதர் மனசு நோகக் கூடாது என்று ஒரு வீடே காதை அடைத்துக்கொண்டு கேட்டிருக்கிறது.

ஜோஸ்பின் ஃபோனை வாங்கி, சத்தமாகப் போட்டேன். அது பழைய ஃபோன், ஒரே ஒரு ஸ்பீக்கர். வயலின் வந்தது, அண்ணன் வரவில்லை. இயர்போனின் இடது பக்கத்தை மட்டும் காதில் வைத்தேன். அண்ணன் இருந்தார். வலது பக்கத்தை மட்டும் வைத்தேன். அங்கேயும் இருந்தார். தனித்தனியாக இருப்பவர், இரண்டும் சேர்ந்தால் இல்லை.

"ஏழுமலை, லேப்டாப்லேர்ந்து வர்ற ரெண்டு பக்கத்தையும் நீ எப்பிடிக் குடுக்கற?"

"ரெண்டையும் ஒண்ணா முறுக்கித்தான் குடுப்பேன். மண்டபம் முழுக்க ஒரே லைன்தானேக்கா."

"அன்னிக்கு எனக்குக் குடுத்த மைக் ஒயர் எங்க?"

வண்டியிலிருந்து எடுத்துவந்தான். அந்த முனையைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே மூன்று கம்பிகள். ஒன்று எர்த். மற்ற இரண்டிலும் போவது ஒரே குரல், ஒன்றில் நேராக, இன்னொன்றில் தலைகீழாக. நீளமான ஒயரில் வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சலைக் கழிப்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. ஏழுமலையின் ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்கு இது தெரியும். தலைகீழாக வருவதை நிமிர்த்திச் சேர்த்துக்கொள்ளும். என் கேமராவுக்குத் தெரியாது. ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் என்று எழுதி வைத்துக்கொண்டது.

ஒரு கதவை உள்ளேயிருந்து ஒருவரும் வெளியேயிருந்து ஒருவரும் ஒரே பலத்தோடு தள்ளினால் கதவு அசையாது. இரண்டு தடத்தையும் சேர்த்து ஒன்றாக்கிய இடத்தில் அண்ணனின் குரல் அப்படித்தான் நின்றுவிட்டது. வயலின் நான் பிறகு சேர்த்தது, இரண்டு பக்கமும் நேராகவே இருந்தது, அதனால் அது பாட்டுக்கு வந்தது.

ஏழுமலை முனையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். "நான்தாங்க்கா வெச்சேன். மூணு கம்பிக்கு மூணு எடம் இருந்துது, வெச்சிட்டேன்."

"நீ வெச்ச. நான் சந்தேகம் வந்தும் உட்டேன். ரெண்டு பேரும் அப்புறமா அடிச்சிக்கலாம்" என்றேன்.

வாசலில் நின்றவர்

வைத்தியம் ஒரே வரி. படத்தைத் தொடாதே. ஒலியில் வலது தடத்தைத் தூக்கிப் போடு. இடது தடத்தை மட்டும் எடுத்து இரண்டு பக்கத்துக்கும் கொடு. இவ்வளவுதான் நான் தட்டியது. அவசரத்தில் ஒரு சமக்குறியை விட்டுவிட்டேன். எஃப்எஃப்எம்பெக் நான்கு வரிக்குத் திட்டியது. திருத்தித் தட்டினேன். எண்கள் ஓடின. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஏழுமலை ஒயரை மாட்டிவிட்டு என்னைப் பார்த்தான். "அண்ணன் வெளிய இருக்காரு. கூப்பிடட்டுமா, இல்ல நாம மொதல்ல..."

"மொதல்ல நாம பாத்துக்கலாம். வரலன்னா இன்னொரு தரம் அவரு அதப் பாக்க வேணாம்."

தட்டினேன்.

"வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நான் சவரிராஜ். பொண்ணோட அப்பன். இன்னிக்கு நான் நேர்ல பேசல, படத்துல பேசறேன். அதனால நடுவுல எவனும் என்ன மடக்க முடியாது."

பந்தி மேஜைக்கு விரிப்பு போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். பின்பக்கமிருந்து சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். லூர்து அண்ணி பக்கத்தில் இருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன். மறைக்கவெல்லாம் முயலவில்லை. ஏழுமலை பெட்டிக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி வெகுநேரம் இருந்தான்.

குரல் வாசல் ஸ்பீக்கரிலும் போயிருக்கிறது. அதை நான் யோசிக்கவே இல்லை. திரும்பிப் பார்த்தபோது சவரிராஜ் அண்ணன் வாசற்படியில் ஒரு கையைக் கதவில் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். நான்கு நிமிடமும் அசையவில்லை. முடிந்ததும் உள்ளே வந்து, நோட்டை எடுத்து எழுதி என்னிடம் நீட்டினார்.

"வயலின் ஜாஸ்தி. குறை."

குறைத்தேன். அவர் சொல்லி யார் கேட்காமல் இருந்திருக்கிறார்கள்?

சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. கிளாஸ்கள் மேஜையில் வரிசையாக இருந்தன. யாரும் தொடவில்லை. அண்ணன் மகள் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றார். திரையில் இருந்த அண்ணன் மாப்பிள்ளை யாரென்றே தெரியாமல் மாப்பிள்ளைக்கு மூன்று எச்சரிக்கை கொடுத்தார். சனம் சிரித்தது. பிரான்ஸ் மரியநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கடைசியில் திரையில் வெறும் கை உயர்ந்தது. நின்றிருந்த அண்ணனின் கையில் கிளாஸ் உயர்ந்தது.

"சாந்தே" என்றது குரல். அத்தனை பேரும் திருப்பிச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது திராட்சை ஜூஸ்தான். அதைப்போல ஒன்றை அதற்கப்புறம் நான் குடித்ததில்லை.

மிச்சத்தில் கிடைத்தது

கதை அங்கேயே முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு முற்பகலில் சவரிராஜ் அண்ணன் என் கடை மாடிப்படியை நிதானமாக ஏறி வந்தார். உட்கார்ந்தார், மூச்சு வாங்கிக்கொண்டார், எழுதினார்.

"அன்னைக்கு மொத்தமா எவ்வளவு எடுத்தே?"

"பதினோரு நிமிசம்ண்ணா. நாலுதான் எடுத்துக்கிட்டேன். மீதி எல்லாம் நடுநடுவுல இருமினது, தண்ணி குடிச்சது, வீட்டுச் சத்தம்."

"அதைப் போடு."

போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வரவேற்பு நாள் வரை தன் குரலைத் தானும் இயர்போனில்தான் கேட்டிருந்ததாக அன்றைக்கே எழுதிக் காட்டியிருந்தார். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி மறைவில். பெண்டாட்டி பார்த்தால் அழுவாளே என்று.

ஓர் இடம் வந்ததும் கையை உயர்த்தினார். நிறுத்தினேன். அந்த இடத்தில், அவர் பேசிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டு, உள்பக்கம் திரும்பி, அந்தக் கம்மிய தொண்டையிலும் ஒரு சத்தம் போட்டார். நான் முதலில் வெட்டி எறிந்ததே அந்த இடத்தைத்தான்.

அவர் எழுதினார். "இது மட்டும் வேணும். ஃபோன்ல. ஒரு தட்டு தட்டினா வரணும்."

எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று நொடிக்கணக்கு கொடுத்து, வெட்டினேன். இடது தடம், இரண்டு பக்கத்துக்கும். இந்த முறை எந்தக் குறியையும் விடவில்லை. ஃபோனின் முகப்பில் வைத்து, எப்படித் தட்டுவது என்று காட்டினேன். கடைக்குள்ளேயே இரண்டு தரம் சத்தமாகத் தட்டிப் பார்த்துவிட்டு, ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப்போனார்.

மறுநாள் காலை லூர்து அண்ணி ஃபோன் செய்தார்.

"இன்னா தனம் பண்ணிக் குடுத்த அந்த மனுசனுக்கு? நேத்து சாயங்காலம் அடுப்படியில நிக்கறேன். கூடத்துலேர்ந்து, 'லூர்து, அந்தக் குக்கர அணைடி'ன்னு சத்தம். பழைய மாதிரியே."

"பயந்துட்டீங்களா அண்ணி?"

"பயம் எங்க வந்துது. கை பாட்டுக்குப் போயி அடுப்ப அணைச்சிடுச்சி. அப்புறம் பாக்கறேன், அடுப்புல குக்கரே இல்ல, பால்தான் இருக்கு." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, பிறகு சிரிப்பு. "மறுபடி பத்த வைக்கல தனம். அவரு சொல்லிட்டாரு இல்ல."